பாம்பன் முதல் ஜிப்ரால்டர் வரை: குறுகிய கடலில் நீரோட்டம் சீறுவது ஏன்? படகோட்டிகள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஆடி பிறந்துவிட்டால் அவிநாசியில் மாடியில் காயப்போட்ட துணி கொடியில் நிற்காது. 'ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்' என்று பெரியவர்கள் சொல்வது கொங்குப் பக்கத்தில் வெறும் பேச்சு இல்லை. கோவைக்கு மேற்கே நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மலைத்தொடர் விட்டுப்போன ஓர் இடைவெளி இருக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையில் முட்டி நிற்கும் இடத்தில் இந்த ஒரு சந்து கிடைத்ததும் அதற்குள் புகுந்து வேகம் எடுக்கிறது. பல்லடம், உடுமலை பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பதற்குக் காரணமும் இதே சந்துதான்.

காற்று மலைச் சந்தில் செய்வதை, தண்ணீர் கடல் சந்தில் செய்கிறது. இரண்டு நிலப்பகுதிகளுக்கு நடுவே, இரண்டு பெரிய கடல்களை இணைக்கும் குறுகிய கடல்பாதையைத்தான் ஜலசந்தி அல்லது நீரிணை என்கிறோம். ராமேஸ்வரம் பக்கத்தில் இருக்கும் பாம்பன் கால்வாய், தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவில் உள்ள பாக் நீரிணை, ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் பிரிக்கும் ஜிப்ரால்டர், இஸ்தான்புல் நகரத்தை இரண்டாகப் பிரிக்கும் பாஸ்பரஸ் எல்லாம் இந்த வகைதான்.

கடல் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். அவிநாசி, திருப்பூரில் தைக்கும் பனியன் பெட்டிகள் தூத்துக்குடி துறைமுகம் போய், கப்பல் ஏறி, செங்கடல் வாசலான பாப் எல் மந்தப், சூயஸ் கால்வாய், ஜிப்ரால்டர் என்று சந்து சந்தாகத் தாண்டி வட ஐரோப்பா போவதுதான் வழக்கமான பாதை. ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகும் குடும்பங்கள் கால் நனைப்பதும் இப்படி ஒரு சந்தின் ஓரத்தில்தான்.

குறுகலான இடத்தில் வேகம் ஏன் கூடுகிறது?

வாய்க்காலில் மதகு இருக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அகலமான வாய்க்காலில் நிதானமாக வரும் தண்ணீர், மதகுக்குள் நுழையும்போது மட்டும் பாய்கிறது. வந்து சேரும் தண்ணீர் அதே அளவுதான். போகும் வழி மட்டும் சுருங்குகிறது. அப்போ அதே நேரத்தில் அதே தண்ணீர் வெளியேற வேண்டும் என்றால் வேகமாகப் போயே ஆகணும். ஆழம் மாறாமல் அகலம் மட்டும் பாதியானால் வேகம் சுமார் இரண்டு மடங்காகும்.

இங்கே படகோட்டிகள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. நீரோட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகின் மீதோ, பாலத்தின் தூண் மீதோ, நீந்தும் மனிதர் மீதோ கொடுக்கும் விசை இரண்டு மடங்கோடு நிற்காது. நான்கு மடங்காகும். 'கொஞ்சம்தான் வேகம் கூடியிருக்கு' என்று நினைக்கும் இடத்தில்தான் கட்டுப்பாடு கையை விட்டுப் போகிறது.

ஆனால் சந்து குறுகலாக இருப்பதால் மட்டும் தண்ணீர் ஓடாது. கல்யாண மண்டபத்தின் வாசல் எவ்வளவு குறுகலாக இருந்தாலும், உள்ளே போக ஆள் இருந்தால்தான் நெரிசல் வரும். ஜலசந்தியும் ஒரு வாசல்தான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உள்ள இரண்டு கடல்களில் எது எதைத் தள்ளுகிறது என்பதைப் பொறுத்துத்தான் நடுவில் தண்ணீர் ஓடுகிறது.

தள்ளும் மூன்று கைகள்

ஜலசந்தி நீரோட்டத்துக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது காற்று. ஒரே திசையில் வாரக்கணக்கில் வீசும் காற்று, கடல்நீரை ஒரு பக்கமாகக் குவிக்கிறது. நீர்மட்டம் உயர்ந்த பக்கத்தில் இருந்து தாழ்ந்த பக்கத்துக்குச் சந்து வழியாகத் தண்ணீர் ஓடும்.

இரண்டாவது ஏற்றவற்றம். நிலவும் சூரியனும் இழுப்பதால் கடல்மட்டம் ஏறி இறங்குகிறது. சந்தின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறி, ஒரே நேரத்தில் இறங்கினால் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்கினால் நடுவில் சரிவு உண்டாகிறது. அந்தச் சரிவில் தண்ணீர் பாய்கிறது.

மூன்றாவது உப்பு. உப்பு அதிகமான தண்ணீர் கனமானது. அது அடியில் போகும். உப்பு குறைந்த தண்ணீர் மேலே மிதந்து எதிர்த்திசையில் வரும். ஒரே சந்தில், ஒரே நேரத்தில், மேலே ஒரு திசையும் கீழே எதிர்த்திசையும் ஓடுவது இதனால்தான்.

எந்தச் சந்தில் எந்தக் கை பெரியது என்று தெரிந்துகொள்வதுதான் மாலுமிக்கு முதல் பாடம். ஒரு ஜலசந்தியில் பழகிய அனுபவத்தை இன்னொரு ஜலசந்தியில் அப்படியே பயன்படுத்த முடியாது.

பாம்பன்: காற்று ஆளும் சந்து

மண்டபத்துக்கும் ராமேஸ்வரம் தீவுக்கும் நடுவில் உள்ள பாம்பன் கால்வாய்க்கு வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு வடகடல், தென்கடல்.

இரண்டும் ஒட்டியிருந்தாலும் குணம் வேறு. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பெரும்பாலான இடங்களில் 10 மீட்டரை ஒட்டித்தான் ஆழம். மன்னார் வளைகுடா தெற்கே போகப்போக 1,000 மீட்டரையும் தாண்டி இறங்குகிறது. இந்தப் பகுதியில் ஏற்றவற்றத்தின் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல்மட்டம் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. அதனால் பாம்பனில் நீரோட்டத்தின் திசையை ஆண்டின் பெரும்பகுதியில் முடிவு செய்வது காற்று.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாடைக்காற்று வடகடலின் தண்ணீரைத் தெற்கே தள்ளுகிறது. அப்போது பாம்பனில் நீரோட்டம் வடக்கில் இருந்து தெற்கே, அதாவது பாக் விரிகுடாவில் இருந்து மன்னார் வளைகுடாவுக்கு ஓடும். தமிழகக் கடற்கரையை ஒட்டி வங்கக்கடலின் உப்பு குறைந்த நீர் தெற்கே இறங்கி வருவதும் இந்தக் காலத்தில்தான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் எல்லாம் தலைகீழ். தென்கடல் கொந்தளிக்கும். தண்ணீர் தெற்கில் இருந்து வடக்கே பாயும். நடுவில் உள்ள மாதங்களில் காற்று மாறும்போது நீரோட்டமும் தடுமாறும். சில நாள் இப்படி, சில நாள் அப்படி.

தனுஷ்கோடியில் ஒரு பக்கத்தை ஆண் கடல், மறுபக்கத்தைப் பெண் கடல் என்று மக்கள் சொல்வார்கள். சீறுவது மன்னார் வளைகுடா பக்கம். அமைதியாக இருப்பது பாக் விரிகுடா பக்கம். ஆனால் இந்த அமைதியும் நிரந்தரம் இல்லை. வாடைக் காலத்தில் வடகடலும் பொங்கும்.

பாலம், தூண்கள், படகுகள்

பாம்பனில் இயற்கையான குறுகலோடு மனிதர் வைத்த தடைகளும் சேர்ந்திருக்கின்றன. 1914-ல் முதல் ரயில் பாலம் திறக்கப்பட்டது. 1988-ல் சாலைப் பாலம் வந்தது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. 2 கி.மீ.க்கு மேல் நீளம் கொண்ட இந்தப் பாலத்தில் கப்பல் போவதற்காக 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே தூக்கப்படும்.

நீரோட்டத்தின் பாதையில் ஒரு தூண் நின்றால், அதன் முன்னால் தண்ணீர் முட்டி எழும்பும். இரண்டு பக்கமும் வேகம் கூடும். பின்னால் சுழல் உண்டாகும். தூண்களுக்கு நடுவில் நுழையும் படகின் முன்பகுதி வேகமான நீரிலும், பின்பகுதி மெதுவான நீரிலும் இருக்கும் சில விநாடிகளில் படகு தானாகவே திரும்பப் பார்க்கும்.

2013 ஜனவரி 13-ம் தேதி, கடற்படையின் மிதவைக் கப்பல் ஒன்று பழைய ரயில் பாலத்தில் மோதியது. பாலம் சேதமடைந்து பழுதுபார்க்க வேண்டி வந்தது. இந்தச் சந்தில் ஒரு கலம் கட்டுப்பாட்டை இழந்தால் ஒதுங்குவதற்கு இடமே இல்லை என்பதைக் காட்டிய நிகழ்வு அது.

ஆழ்கடல் விசைப்படகுகளும் சிறிய கப்பல்களும் பாம்பனைக் கடக்க நினைத்தால் நேராக வந்து நுழைந்துவிட முடியாது. துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பாலம் திறக்கும் நாள் வரை கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கணும். கால்வாயின் போக்கு தெரிந்த உள்ளூர்க்காரர்களின் வழிகாட்டுதலோடு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கடப்பார்கள். காற்றும் நீரோட்டமும் ஒத்துவராத நாளில் காத்திருப்பு நீளும். அதில் டீசல் செலவும் சாப்பாட்டுச் செலவும் கூடும். இருந்தாலும் படகு மிஞ்சும்.

பெரிய கப்பல்கள் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை?

பாம்பனுக்குக் கிழக்கே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கி.மீ. தூரத்துக்கு மணல்திட்டுகளும் ஆழமற்ற பாறைப் பகுதியும் உள்ளன. ராமர் பாலம், ஆதாம் பாலம் என்று அழைக்கப்படும் பகுதி இது. சில இடங்களில் ஆழம் ஒரு மீட்டர்தான். நீரோட்டம் மணலைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் திட்டுகளின் வடிவமும் மாறிக்கொண்டே இருக்கும்.

அதனால் தூத்துக்குடியில் இருந்து சென்னைக்குப் போகும் பெரிய கப்பல்கூட இலங்கையைச் சுற்றித்தான் போகிறது. இதை மாற்ற 2005 ஜூலை 2-ம் தேதி மதுரையில் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. 12 மீட்டர் ஆழத்துக்குக் கால்வாய் தோண்டுவது திட்டம். வழக்குகளால் அது நின்றுபோனது. சூழலியல் ஆர்வலர்கள் எழுப்பிய கேள்விகளில் நீரோட்டமும் ஒன்று. தோண்டிய பள்ளத்தில் நீரோட்டம் மறுபடியும் மணலைக் கொண்டுவந்து நிரப்பினால் எத்தனை முறை தூர்வாருவது என்பதுதான் அந்தக் கேள்வி.

இந்தக் கடலின் பலத்தை உடம்பால் அளந்தவர்களும் உண்டு. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு நீந்தினார். சுமார் 30 கி.மீ. தூரத்துக்கு அவருக்குப் பிடித்தது 25 மணி 36 நிமிடம். மணிக்கு ஒரு கிலோமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்த முதல் இந்தியர் அவர். அப்படிப்பட்டவருக்கே இந்த நேரம் ஆனது என்றால், இங்கே வரைபடத்தில் தெரியும் தூரம் வேறு, தண்ணீரில் கடக்கும் தூரம் வேறு என்று அர்த்தம். நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருந்தால் நேர்க்கோடு வளைந்துவிடும்.

மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை

பாம்பனில் காற்று ஆள்கிறது என்றால் ஜிப்ரால்டரில் ஆள்வது உப்பு. மத்தியதரைக் கடலில் வெயிலாலும் வறண்ட காற்றாலும் ஆவியாகும் நீர் அதிகம். மழையும் ஆறுகளும் கொண்டுவரும் நீர் குறைவு. அந்தக் குறையை நிரப்ப அட்லாண்டிக் நீர் மேற்பரப்பில் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. உள்ளே போய் ஆவியாகி உப்பேறிக் கனத்த நீர், அடிவழியாக அட்லாண்டிக்குக்குத் திரும்புகிறது. சுமார் 14 கி.மீ. அகலமுள்ள அந்தச் சந்தில் இந்த இரட்டை ஓட்டம் நிற்பதே இல்லை.

இரண்டாம் உலகப்போரில் 1941 முதல் 1944 வரை 62 ஜெர்மன் நீர்மூழ்கிகள் இந்தச் சந்து வழியாக மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்தன. ஒன்றுகூட அட்லாண்டிக்குக்குத் திரும்பவில்லை. பிரிட்டிஷ் காவலும் குண்டும்தான் முதல் காரணம். உள்ளே போகும்போது முதுகில் தள்ளிய மேற்பரப்பு நீரோட்டம், வெளியே வர நினைத்தால் முகத்தில் அடித்தது என்பதும் கூடவே சேர்ந்துகொண்டது.

பாஸ்பரஸில் கதை வேறு மாதிரி. கருங்கடலில் பெரிய ஆறுகள் வந்து கலப்பதால் அதன் மேல்நீர் உப்பு குறைந்தது. மத்தியதரைக் கடலின் உப்பில் பாதிகூட இல்லை. அந்த நீர் மேலே தெற்கு நோக்கி ஓடுகிறது. கனமான உப்புநீர் அடியில் வடக்கு நோக்கிப் போகிறது. சுமார் 30 கி.மீ. நீளம் கொண்ட இந்தச் சந்தின் மிகக் குறுகிய இடம் ஏறக்குறைய 700 மீட்டர்தான். அதிலும் கூர்மையான வளைவுகள். கரையோரத்தில் எதிர்ச்சுழல்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல் வாழும் நகரத்தின் நடுவே எண்ணெய்க் கப்பல்கள் இதற்குள் திரும்பித் திரும்பிப் போகின்றன.

இந்த அடிநீரோட்டத்தை முதலில் அறிவியல் முறைப்படி அளந்தவர் இத்தாலியைச் சேர்ந்த லூயிஜி மார்சிலி. 1679-ல் இஸ்தான்புல் போன அவர், வெள்ளை வண்ணம் பூசிய தக்கைகளைக் கயிற்றில் கட்டி, கல்லைத் தொங்கவிட்டுக் கடலில் இறக்கினார். மேலே இருந்த தக்கைகள் ஒரு திசையில் சாய்ந்தன. ஆழத்தில் இருந்தவை எதிர்த்திசையில் சாய்ந்தன. அடியில் வேறு ஓட்டம் இருக்கிறது என்ற தகவலை அவருக்குச் சொன்னவர்களில் உள்ளூர் மீனவர்களும் உண்டு. விஞ்ஞானி அளப்பதற்கு முன்பே வலை போட்டவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

ஆறு மணிக்கு ஒரு முறை திரும்பும் சந்துகள்

ஏற்றவற்றம் ஆளும் சந்துகளில் நீரோட்டம் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திசை மாறும். நார்வேயின் சால்ட்ஸ்ட்ராமன் சந்து சுமார் 150 மீட்டர் அகலம்தான். ஆறு மணி நேரத்தில் ஏறக்குறைய 40 கோடி கனமீட்டர் கடல்நீர் அதன் வழியாகப் பாய்ந்து பெரிய பெரிய சுழல்களை உண்டாக்குகிறது. ஜப்பானின் நருட்டோ சந்தில் சுழல்களைப் பார்க்கவே சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன.

கனடாவின் சீமோர் சந்தில் நீரோட்டம் 15 நாட் வேகம் வரை போகும். கடலில் வேகத்தை நாட் என்ற அலகில்தான் சொல்வார்கள். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. அப்படியென்றால் அங்கே தண்ணீரின் வேகம் மணிக்கு சுமார் 28 கி.மீ. அந்தச் சந்தின் நடுவில் நீருக்கடியில் இருந்த பாறையில் மோதியும், அது உண்டாக்கிய சுழலில் சிக்கியும் 100 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். கடைசியில் 1958 ஏப்ரல் 5-ம் தேதி, 1,000 டன்னுக்கும் அதிகமான வெடிமருந்தை வைத்து அந்தப் பாறையின் உச்சியையே தகர்த்தார்கள்.

இந்த வகைச் சந்துகளில் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று. கடல்மட்டம் உச்சத்துக்கு வந்ததும் நீரோட்டம் நின்றுவிடும் என்று நினைப்பது. குளத்துக்குள் ஓடும் வாய்க்காலுக்கு அது ஓரளவு பொருந்தும். இரண்டு கடல்களை இணைக்கும் சந்துக்குப் பொருந்தாது. இங்கே ஓட்டத்தை முடிவு செய்வது நீர்மட்டத்தின் உயரம் இல்லை, இரண்டு பக்க மட்டங்களுக்கு உள்ள வித்தியாசம். ஒரு பக்கம் உச்சத்தில் இருக்கும்போதே சந்தில் நீரோட்டம் முழு வேகத்தில் இருக்கலாம். அதனால் ஏற்றவற்ற அட்டவணை மட்டும் போதாது. நீரோட்ட அட்டவணையைத் தனியாகப் பார்க்கணும்.

படகோட்டிக்கு ஒரு எளிய கணக்கு

ஒரு படகு அமைதியான நீரில் 6 நாட் வேகத்தில் போகும் என்று வைத்துக்கொள்வோம். சந்தில் 4 நாட் நீரோட்டம். நீரோட்டத்தோடு போனால் கரையில் இருந்து பார்ப்பவருக்கு அந்தப் படகு 10 நாட் வேகத்தில் தெரியும். எதிர்த்துப் போனால் 2 நாட்தான். 4 கடல் மைல் நீளமுள்ள சந்து என்றால் ஒரு வழியில் 24 நிமிடம். மறுவழியில் 2 மணி நேரம். எரிபொருள் கணக்கும் அப்படியே மாறும்.

நீரோட்டத்தோடு போவது சுகமாகத் தெரியும். ஆபத்தும் அதில்தான் அதிகம். படகின் வேகத்தைக் குறைத்தாலும் தண்ணீர் தள்ளிக்கொண்டே போகும், பிரேக் கிடையாது. சுக்கானைக் கடந்து நீர் ஓடினால்தான் சுக்கான் வேலை செய்யும். வேகத்தை ரொம்பக் குறைத்தால் படகு கரையைக் கடந்து ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் திருப்ப முடியாது. எதிர்நீரில் போகும் படகுக்கு நின்று நிதானிக்க முடியும். அதனால் குறுகலான இடத்தில் நீரோட்டத்தோடு வரும் படகுக்கு, எதிர்நீரில் வருபவர் ஒதுங்கிக் காத்திருப்பது நல்ல பழக்கம்.

இன்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும்? 3 நாட் நீரோட்டத்தில் 10 நிமிடத்தில் படகு சுமார் 900 மீட்டர் அடித்துச் செல்லப்படும். பழுது பார்க்க அந்த 10 நிமிடம் போதாது. நங்கூரம் கயிறு சிக்காமல் கையருகே தயாராக இருந்தால்தான் படகு தப்பும்.

பக்கவாட்டில் நீரோட்டம் வந்தால் படகின் முகத்தை நீரோட்டம் வரும் பக்கமாகத் திருப்பி வைக்கணும். 6 நாட் படகுக்கு 3 நாட் பக்க நீரோட்டம் என்றால் சுமார் 30 டிகிரி திருப்பினால்தான் நேர்க்கோட்டில் போகும். படகு சரியாகப் போகிறதா என்று பார்க்க ஜி.பி.எஸ். இருக்கிறது. அது வருவதற்கு முன்பே மீனவர்கள் கரையில் உள்ள கோபுரம், பின்னால் உள்ள மலை என்று இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தார்கள். குமரிப் பக்கத்தில் இதைக் கணியம் பார்ப்பது என்பார்கள். நீரோட்டத்துக்கே அவர்கள் வைத்திருக்கும் பெயர் நீவாடு. இரண்டு அடையாளங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் நீவாடு தள்ளுகிறது என்று பொருள்.

குறுகிய கடலில் கடைப்பிடிக்க வேண்டியவை

• சந்துக்குள் நுழையும் நேரத்தை முன்பே திட்டமிட வேண்டும். ஓட்டம் திசை மாறும் முன் சில நிமிடம் தண்ணீர் சோர்ந்து நிற்கும். அதுதான் கடக்க நல்ல நேரம். அடுத்த மூன்று, நான்காவது மணி நேரங்களில் வேகம் உச்சத்தில் இருக்கும்.

• அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றவற்ற நீரோட்டம் பலமாக இருக்கும். நடுவில் உள்ள அட்டமி நாட்களை ஒட்டி வேகம் குறையும்.

• காற்று ஒரு திசை, நீரோட்டம் எதிர்த்திசை என்றால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். சிறிய படகுகளுக்கு இதுதான் மிக மோசமான நிலை. வானிலை அறிக்கையில் காற்றின் வேகம் மிதமாக இருந்தாலும் ஏமாறக் கூடாது.

• நடுவில் ஆழமான இடத்தில் வேகம் அதிகம். கரையோரத்தில் குறைவு. எதிர்நீரில் போகும் சிறிய படகு கரையை ஒட்டிப் போகலாம். ஆனால் முனைகளுக்குப் பின்னால் சுழலும், அடியில் பாறையும் இருக்கலாம்.

• குறுகிய கால்வாயில் வலது ஓரமாகச் செல்ல வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. 20 மீட்டருக்குக் குறைவான படகுகள் பெரிய கப்பலின் பாதையை மறிக்கக் கூடாது. பெரிய கப்பல் ஆழமான பாதையை விட்டு விலக முடியாது.

• பெரிய கப்பல் ஆழம் குறைந்த சந்தில் வேகமாகப் போனால், அடியில் நீர் வேகமாக ஓடி கப்பல் இன்னும் கீழே அமிழும். தரை தட்டும் அபாயம் உண்டு. வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

• உள்ளூர் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. மணல்திட்டு போன மாதம் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்பது வரைபடத்தில் இருக்காது.

ராமேஸ்வரம் போகும் குடும்பங்களுக்கு

ஆடி அமாவாசையை யோசித்துப் பாருங்கள். தென்மேற்குக் காற்று பலமாக வீசும் மாதம் ஆடி. ஏற்றவற்றம் பலமாகும் நாட்கள் அமாவாசையை ஒட்டியவை. இரண்டும் ஒன்றாக வரும் நேரத்தில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ராமேஸ்வரம் போகின்றன.

புனித நீராடும் அக்னி தீர்த்தம் தீவின் கிழக்குக் கரையில், கொஞ்சம் அடக்கமான பக்கத்தில் இருக்கிறது. சிக்கல் வருவது தனுஷ்கோடியின் அரிச்சல்முனையில். இரண்டு கடல்களும் சேரும் முனை அது. மணல் சட்டென்று ஆழத்தில் இறங்குகிறது. நீரோட்டம் முனையைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. அங்கே கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம் என்று போலீசார் எச்சரிப்பது வேடிக்கைக்காக இல்லை.

2 நாட் நீரோட்டம் என்றால் விநாடிக்கு ஒரு மீட்டர். மேலே இருந்து பார்த்தால் தண்ணீர் சும்மா நகர்வது மாதிரிதான் தெரியும். ஆனால் சாதாரணமாக நீச்சல் தெரிந்த ஒருவர் அதை எதிர்த்து நீந்த முடியாது. தோட்டத்துக் கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்கு இது புது அனுபவம். கிணற்றுத் தண்ணீர் யாரையும் இழுத்துக்கொண்டு போகாது.

தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைக்கக் கூடாது. மிதந்தபடி, ஓட்டத்துக்குக் குறுக்காகக் கரைப் பக்கம் ஒதுங்கி, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். கரையில் நிற்பவர்கள் உடனே பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறு, மிதக்கும் கேன், டியூப் எது கிடைத்தாலும் வீசணும். பக்கத்தில் இருக்கும் மீனவர்களைக் கூப்பிடணும்.

சுருக்கமாகச் சொன்னால்

ஜலசந்தியில் ஓடும் தண்ணீருக்குச் சொந்த முடிவு எதுவும் இல்லை. இரண்டு பக்கக் கடல்கள் எடுக்கும் முடிவுதான் நடுவில் ஓடுகிறது. பாம்பனில் காற்றைப் பார்க்கணும். சீமோரில் நிலவைப் பார்க்கணும். ஜிப்ரால்டரில் உப்பையும் சேர்த்துப் பார்க்கணும். எது தள்ளுகிறது, எப்போது திரும்பும், எங்கே வேகம் குறையும் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு நுழைகிற படகு கரை சேரும். பதில் தெரியவில்லை என்றால் நங்கூரம் போட்டுக் காத்திருப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பாம்பனில் பாலம் திறக்கக் காத்திருக்கும் படகுகள் அதைத்தான் செய்கின்றன.